சிவப்பிக்கு இருட்டு வேணும்

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். பாயின்செட்டியா செடியில சிவப்பா இருக்கறது பூ இல்ல, இலை. நடுவுல மஞ்சளா, குருணை குருணையா இருக்கும் பாருங்க, அதுதான் பூ. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. என் நாத்தனாருக்கு மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இன்னிக்கும் வீட்டுக்கு வந்தா, "பூ இன்னும் உதிரலையா?"ன்னுதான் கேப்பாங்க.

அந்தச் செடி எங்க வீட்டுக்கு வந்தது ஒரு வருஷக் கடைசியில. நான் பல் செட் செய்யற லேப்ல வேலை பார்க்கறேன். டாக்டருங்க வாய்க்கு அளவெடுத்து அனுப்புவாங்க. நாங்க ரோஸ் கலர் மெழுகுல ஈறு பிடிச்சு, அதுல பல்லை ஒண்ணொண்ணா நட்டு, செட்டாக்கி அனுப்புவோம். அன்னிக்கு ஓனர் எங்க எல்லாரையும் கூப்பிட்டு வரிசையா நிக்கச் சொன்னார். சம்பளம் ஏத்தப் போறார்னு நெனைச்சு முதல் ஆளா போய் நின்னேன். மனுஷன் ஆளுக்கொரு தொட்டியைக் கையில குடுத்துட்டு, வருஷம் பூரா உழைச்சதுக்கு நன்றின்னு சொல்லிட்டுப் போயிட்டார். எங்க முகத்தைப் பார்க்கணுமே. எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னோம். எங்க லேப்ல பல்லுக்குப் பஞ்சமில்ல.

கூட வேலை செய்யறவங்க நாலஞ்சு வாரம் அதை வெச்சு அழகு பார்த்துட்டு, இலை உதிர ஆரம்பிச்சதும் குப்பைக்கு அனுப்பிட்டாங்க. என் செடியும் போயிருக்க வேண்டியதுதான். போகாததுக்குக் காரணம் என் வீட்டுக்காரர்.

அவரைப் பத்திச் சொல்லணும். தண்ணி பம்ப் ஹவுஸ்ல ஆபரேட்டர். நைட் ஷிஃப்ட். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நைட் ஷிஃப்ட்தான். ஊர் தூங்கற நேரத்துல மோட்டாரைப் போட்டு மேல் டேங்கை நிரப்பறவர். தெருவுல அவருக்கு ஆந்தைன்னு பேர். மத்தவங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லுவாங்க, நான் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன்.

பகல்ல தூங்கறவருக்கு இருட்டு வேணுமில்லையா? அதனால எங்க படுக்கையறையை மனுஷன் என்னவோ பண்ணி வெச்சிருந்தார். ஜன்னலுக்கு ரெட்டைக் கறுப்புத் துணி. துணியோட ஓரத்துல ஆணி. கதவுக்குக் கீழ இருக்கற சந்துக்கு ஒரு பழைய துண்டு. பிளக் பாயின்ட்ல மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு லைட் எரியுமே, அது மேலயும் டேப் ஒட்டியிருந்தார். மத்தியானம் உள்ள போனா நம்ம கையே நமக்குத் தெரியாது. என் துணிமணி எல்லாம் அந்த ரூம் அலமாரியில. லீவு நாள்ல எதையாவது எடுக்கணும்னா லைட்டைப் போட்டு, எடுத்துட்டு, உடனே அணைச்சிட்டு வந்துடுவேன். ஒரு நிமிஷம்தான் ஆகும். அதுக்கே அன்னிக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார்.

எங்க குடும்பம் நடந்தது வாசல்ல. நான் வேலைக்குக் கிளம்பி வெளிய வருவேன், அவர் வேலை முடிஞ்சு உள்ள வருவார். "சோறு அடுப்பு மேல இருக்கு"ம்பேன். "கேஸ் தீரப் போகுது"ம்பார். சாயங்காலம் நான் உள்ள வருவேன், அவர் வெளிய போவார். வாரத்துல ஒரு நாள் அவருக்கு லீவு. அன்னிக்கும் ராத்திரி எல்லாம் முழிச்சுக்கிட்டு, ஹால்ல காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு டிவி பார்ப்பார். எங்கேயாவது விசேஷம்னா நான் தனியாத்தான் போவேன். ஒரு தடவை அப்படிப் போன இடத்துல ஒரு அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, என் வீட்டுக்காரர் தவறி எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அவரை உலுக்கி எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் திறக்காமயே, "இருக்கேன்னு சொல்லு"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டார். எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. கடைசியில அழுதேன்.

டே ஷிஃப்ட் கேளுங்க, டே ஷிஃப்ட் கேளுங்கன்னு நான் கெஞ்சாத நாள் கிடையாது. பகல்ல பெரிய அதிகாரிங்க வருவாங்களாம். தண்ணி வரலைன்னு ஊரே போன் பண்ணித் திட்டுமாம். ராத்திரின்னா மோட்டார் சத்தமும் இவரும்தானாம். அதுல ஒரு நிம்மதியாம். என்னோட இருக்கறதை விட மோட்டாரோட இருக்கறது நிம்மதியான்னு கேட்டேன். துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில வேலையிலேர்ந்து வந்ததும் வராததுமா, பாதி மொட்டையா நின்ன என் செடியைத் தூக்கிக்கிட்டுக் குப்பைத் தொட்டிப் பக்கம் போனார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. கையில வெச்சிருந்த சாப்பாட்டு டப்பாவோட குறுக்கப் போய் நின்னேன்.

"இது ஒரு சீசன் செடி. எல்லாரும் தூக்கித்தான் போடறாங்க"ன்னார்.

"நான் போட மாட்டேன். இதைத் திரும்பச் சிவக்க வைக்கிறேன்."

"வெச்சா?"

"வெச்சா நீங்க டே ஷிஃப்ட் கேக்கணும்."

"வைக்கலைன்னா?"

"இந்த ஜென்மத்துல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? உடனே கையை நீட்டிட்டார். அவ்வளவு தைரியம், நான் தோத்துடுவேன்னு. அந்தக் கையைக் குலுக்கும்போதே முடிவு பண்ணிட்டேன், இந்த ஆளை வெயில்ல நிறுத்தாம விடப் போறதில்லைன்னு.

அதுக்கப்புறம்தான் போன்ல வீடியோ தேடிப் பார்த்தேன். பந்தயம் கட்டறதுக்கு முன்னாடி பார்த்திருந்தா கொஞ்சம் அடக்கி வாசிச்சிருப்பேன். இலை எல்லாம் உதிரட்டும், பயப்படாதீங்க, தண்ணியைக் குறைங்கன்னு ஒருத்தர் சாவகாசமா சொன்னார். குளிர் விட்டதும் தண்டைப் பாதிக்கு மேல வெட்டச் சொன்னார். நான் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். வெட்டின இடத்துல எல்லாம் வெள்ளையா பால் வடிஞ்சுது. அதைக் கையால துடைச்சு, அந்தக் கையாலயே கழுத்தைச் சொறிஞ்சேன். ரெண்டு நாளைக்குக் கழுத்து பூரா தடிப்பு. கையுறை போட்டுக்கிட்டு வெட்டுங்கன்னு அடுத்த வீடியோவுல சொன்னார். முந்தின வீடியோவுலயே சொன்னா என்னவாம்?

இப்போ தொட்டியில இருந்தது அஞ்சாறு குச்சி. என் வீட்டுக்காரர் தினமும் வாசல்ல நின்னு, "உன் சிவப்பி எப்படி இருக்கா?"ன்னு கேக்க ஆரம்பிச்சார். கிண்டல். ஒரு இலை கூட இல்லாத குச்சிக்குச் சிவப்பின்னு பேர். அதுவே நிலைச்சுடுச்சு.

அந்தச் சமயம் பார்த்து அவரோட அக்கா, அதான் என் நாத்தனார், எங்க வீட்டுல கொஞ்ச நாள் தங்க வந்தாங்க. ரொம்ப நல்லவங்க. ஆனா சும்மா இருக்க மாட்டாங்க. சிவப்பி துளிர் விட்டிருந்த நேரம் அது. நான் வேலைக்குப் போனதும், தான் டீ குடிக்கறப்போ எல்லாம் அதுக்கும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருக்காங்க. அவங்க டீ குடிக்கற கணக்கு உங்களுக்குத் தெரியாது. நான் கவனிச்சப்போ அடித்தட்டுல குளம் கட்டி நிக்குது, துளிரெல்லாம் மஞ்சளாயிடுச்சு. தட்டைக் கவுத்து, செடியை மண்ணோட உருவி எடுத்து, பழைய துணியில வெச்சு ஈரத்தை உறிஞ்ச விட்டு, புது மண்ணு போட்டு நட்டேன். அவங்க பக்கத்துல நின்னு, "வாயில்லாத ஜீவனுக்குத் தண்ணி குடுத்தது ஒரு குத்தமா?"ன்னு தம்பிகிட்ட முறையிட்டாங்க. அவங்க ஊருக்குப் போற வரைக்கும் நான் சொம்பை ஒளிச்சு வெச்சிருந்தேன்.

எப்படியோ பிழைச்சுடுச்சு. வெயில் காலம் வந்ததும் பால்கனியில, காலை வெயில் மட்டும் படற மூலையில வெச்சேன். நுனியைக் கிள்ளுங்க, கிள்ளினா கிளை விடும்னு வீடியோக்காரர் சொன்னார். எனக்குக் கிள்ளறதுன்னா சொல்லித் தரணுமா? கிள்ளினேன். புதர் மாதிரி பக்கவாட்டுல பரவிடுச்சு. தொட்டி பத்தாம பெரிய தொட்டிக்கு மாத்தினேன். கரும்பச்சை இலை, ஒண்ணொண்ணும் உள்ளங்கை அகலம். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சிவப்பிகிட்ட இல்லாதது சிவப்பு ஒண்ணுதான்.

வெயில் இறங்கி, பொழுது குறுக ஆரம்பிச்சதும் வீடியோக்காரர் முக்கியமான சமாச்சாரத்தைச் சொன்னார். இந்தச் செடி சிவக்கணும்னா அதுக்கு நீளமான ராத்திரி வேணுமாம். சாயங்காலத்துல இருந்து மறுநாள் காலை நல்லா விடியற வரைக்கும் கும்மிருட்டு. பகல்ல நல்ல வெளிச்சம். இப்படி ரெண்டு மாசம் போல விடாம செய்யணுமாம்.

ஒரு பெரிய அட்டைப்பெட்டி வாங்கிட்டு வந்து கவுத்துப் பார்த்தேன். நான் கிள்ளிக் கிள்ளி வளர்த்த கிளை எல்லாம் பெட்டிக்குள்ள அடங்கலை, ஒண்ணு படக்குன்னு உடைஞ்சும் போச்சு. தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காந்தேன். இவ்வளவு பெரிய செடிக்குக் கும்மிருட்டுக்கு எங்க போவேன்னு நெனைச்சுக்கிட்டே நிமிர்ந்து பார்த்தா, எதிர்ல எங்க படுக்கையறைக் கதவு.

இந்த ஊர்லயே அதை விட நல்ல இருட்டு கிடையாது. பகல் முழுக்க அது அவருக்கு. ராத்திரி அவர் அங்க இல்ல. இத்தனை வருஷமா என்னைப் படுத்தின ரூம், இப்போ அவருக்கே எதிரா வேலை செய்யப் போகுது. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சந்தோஷத்துல தூக்கமே வரலை.

அவர்கிட்ட கேட்டேன். தாராளமா வெச்சுக்கோன்னுட்டார். ஒரே ஒரு சிக்கல். காலையில நான் கிளம்பற நேரத்துக்கு வெளிய நல்லா விடிஞ்சிருக்காது. அப்போ செடியை வெளிய எடுக்கக் கூடாது. அவர் வந்து, கொஞ்ச நேரம் பொறுத்து, அதைத் தூக்கிட்டுப் போய் பால்கனியில வெச்சுட்டுத்தான் படுக்கணும். எதிரி கையிலதான் சாவியைக் குடுக்கணும், வேற வழி இல்ல. சரின்னார். சாயங்காலம் நான் வந்ததும் உள்ள எடுத்து வைப்பேன். காலையில அவர், சாயங்காலம் நான்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கே. சாயங்காலத்துல இருந்து அந்த ரூம்ல லைட் போடக் கூடாது. துணி மாத்தறதும் இருட்டுல, படுக்கறதும் இருட்டுல, காலையில எழுந்து அலமாரியில துழாவறதும் இருட்டுல. ஒரு நாள் சட்டையை உள்புறம் வெளிய தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு லேப்புக்குப் போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஒருத்தரும் சொல்லலை, எல்லாரும் சேர்ந்து ரசிச்சிருக்காங்க. இன்னொரு நாள் முகத்துக்குப் பூசற கிரீம்னு நெனைச்சு முட்டிவலித் தைலத்தை அப்பிக்கிட்டேன். கண்ணு ரெண்டும் எரிஞ்சு, மூக்கால தண்ணியா கொட்டிக்கிட்டு பஸ்ல போனேன். பக்கத்து சீட்டுல இருந்த பொண்ணு, "எல்லாம் சரியாப் போயிடும் ஆன்ட்டி"ன்னு முதுகைத் தடவிக் குடுத்தா.

இவ்வளவும் செஞ்சு சிவப்பி சிவந்தாளா? கிடையாது. நான் ஒரு நாள் விடாம பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். லேப்ல ஈறு மெழுகுக்கு ஷேடு ஷேடா மாதிரித் துண்டு இருக்கும். வெளிர் ரோஸ்ல ஆரம்பிச்சு ரத்தச் சிவப்பு வரைக்கும். அதுல ஒரு செட்டை வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் ரூமுக்குள்ள போய், மேல் இலைக்குப் பக்கத்துல மெழுகுத் துண்டைப் பிடிச்சு ஷேடு பார்ப்பேன். ஷேடு பார்க்கறதுல லேப்ல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதை மட்டும் செல்போன் வெளிச்சத்துல பார்க்க முடியாது, நிறம் ஏமாத்திடும். வெள்ளை டியூப் லைட்தான் வேணும். அதனால டியூப் லைட்டைப் போட்டு, பார்த்துட்டு, உடனே அணைச்சிடுவேன். ஒரு நிமிஷம்தான். ஞாயித்துக்கிழமை பகல்ல பார்த்தா போதாதான்னு கேக்கலாம். வாரம் பூரா யாரால பொறுக்க முடியும்?

பச்சை. மறுநாளும் பச்சை. நாள் போகப் போக எனக்குப் பயம் வந்துடுச்சு. இந்த ஜென்மத்துல அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்னு சொல்லித் தொலைச்சிருக்கேனே. இனிமே கடைசி வரைக்கும் வாசல்லயே நின்னு கேஸையும் சோத்தையும் பத்திப் பேசிக்கிட்டு இருக்க வேண்டியதுதானா?

அப்போதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. காலையில நான் அந்தப் பக்கம் போனதும் இந்த மனுஷன் ஏதோ தில்லுமுல்லு பண்றார். வந்ததும் வராததுமா துணியை விலக்கி விட்டுடறார். இல்லைன்னா விடியறதுக்கு முன்னாடியே தூக்கி பால்கனி லைட்டுக்குக் கீழ வெச்சிடறார். தோக்கறதுக்கு மனசு வருமா?

கீழ் வீட்டுல ஒரு டீச்சர் குடி இருக்காங்க. அவங்க துணி உலர்த்தற இடத்துல இருந்து எங்க பால்கனி நல்லா தெரியும். கொஞ்சம் வேவு பாருங்கன்னு சொல்லி வெச்சேன். டீச்சராச்சே, கேக்கணுமா? ஒரு வாரம் பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. தினமும் நல்லா வெயில் வந்தப்புறம்தான் உங்க வீட்டுக்காரர் செடியைத் தூக்கிட்டு வர்றார், அதுக்கு முன்னாடி வர்றதே இல்லன்னாங்க. பெத்த பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வர்றார்னாங்க. அப்புறம் ஒரு மாதிரி என்னைப் பார்த்துக்கிட்டு, "வெச்சுட்டு உடனே உள்ள போகறதில்ல. கொஞ்ச நேரம் அங்கயே நிக்கறார்"னாங்க.

என்ன பண்றார்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணலை, சும்மா வெயில்ல நிக்கறார்னாங்க. எனக்கு நம்பிக்கை வரலை. டீச்சரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாரோன்னு கூட நெனைச்சேன்.

அந்த வாரம் அவரோட லீவு நாள் வந்துச்சு. சாயங்காலம் ஹால்ல உக்காந்து டிவி பார்த்துக்கிட்டு இருந்தார். நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு, வழக்கம் போல ரூமுக்குள்ள போய், கதவைச் சாத்தி, டியூப் லைட்டைப் போட்டு, மெழுகுத் துண்டை இலைக்குப் பக்கத்துல பிடிச்சேன். கதவு திறந்துச்சு. தலையில ஹெட்போனோட வந்து நின்னார்.

"என்ன பண்றே?"

"ஷேடு பார்க்கறேன்."

"தினமுமா?"

"தினமும்தான். ஒரு நிமிஷம் பார்த்துட்டு அணைச்சிடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார், டியூப் லைட்டைப் பார்த்தார், சிவப்பியைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சார். எங்க வீட்டு ஆந்தை சிரிச்சு நான் பார்த்ததே குறைச்சல். நிக்க முடியாம தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். எனக்கு வந்த எரிச்சலுக்கு மெழுகுத் துண்டை அவர் மேலயே விட்டெறிஞ்சேன். அது ஹெட்போன்ல பட்டு எகிறிச்சு. அவர் சிரிப்பை நிறுத்திட்டு, கையை நீட்டி சுவிட்சை அணைச்சார். அந்தக் கும்மிருட்டுல உக்காந்துக்கிட்டுச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் லைட்டைப் போட்டா மொத்த ராத்திரியும் போச்சு. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு வாய் இல்ல, சொல்லத் தெரியலை. எனக்குத் தெரியாதா?"

இத்தனை வருஷமா லீவு நாள்ல எல்லாம் அந்தச் சுவிட்சைப் போட்டது யாரு, தூக்கம் கெட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டது யாரு. இருட்டுல என் மூஞ்சி அவருக்குத் தெரியலை, அது மட்டும்தான் ஒரு நல்ல காலம்.

மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வரும்போது வாசல்ல அவர் கிளம்பி நிக்கறார். ஒரு கையில சாப்பாட்டுப் பை, இன்னொரு கக்கத்துல எங்க ரூம் டியூப் லைட். கழட்டி எடுத்துட்டார். நான் சத்தியமா போட மாட்டேன், என் மேல நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன். இல்லைன்னார். அன்னியிலேர்ந்து தினமும் அந்த டியூப் லைட் அவரோட பஸ் ஏறி பம்ப் ஹவுஸுக்குப் போச்சு, காலையில திரும்பி வந்துச்சு. பஸ்ல அதுக்கு ஜன்னல் சீட்டு, இடிபடாம இருக்கறதுக்கு. அங்க கேட்டுல இருக்கற வாட்ச்மேன், ஆபீஸ்ல விளக்கு இல்லையா சார்னு தினமும் கேப்பாராம். வீட்டுல ஒரு நோயாளி இருக்கு, வெளிச்சம் ஆகாதுன்னு இவர் சொல்லி வெச்சிருந்தார்.

எனக்கு விஷயம் உறைக்கவே ரெண்டு நாள் ஆச்சு. லேப்ல ஒரு முன்பல்லை மெழுகுல நட்டுக்கிட்டு இருக்கும்போது சட்டுனு கை நின்னுடுச்சு. அன்னிக்கு அந்த மனுஷன் வாயை மூடிக்கிட்டு கதவைச் சாத்திட்டுப் போயிருந்தார்னா, பந்தயத்துல ஜெயிச்சிருப்பார். நானே தினமும் லைட்டைப் போட்டு நானே தோத்திருப்பேன். அவர் ஒரு விரலைக் கூட அசைச்சிருக்க வேண்டாம். எதுக்குச் சொன்னார்? பல்லைக் கோணலா நட்டுட்டேன், திரும்பப் பிடுங்கி நட வேண்டியதாப் போச்சு.

அவரைக் கேக்கலை. கேட்டா ஏதாவது சொல்லி மழுப்பிடுவார், இல்லைன்னா துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிடுவார். மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஞாயித்துக்கிழமை பகல்ல பால்கனியில சிவப்பியைப் பார்ப்பேன். பச்சை. அடுத்த ஞாயித்துக்கிழமையும் பச்சை. ஆனா இந்தத் தடவை நான் ராத்திரியில எட்டிக் கூடப் பார்க்கலை. பார்க்க விளக்கும் இல்ல.

குளிர் நல்லா இறங்கின பிறகு ஒரு நாள், காலை டீ நேரம். ஓனர் ரூமுல இருந்து எனக்குப் போன்னு கூப்பிட்டாங்க. வேலை நேரத்துல எங்க செல்போனை எல்லாம் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்க. எனக்குப் பகல்ல போன் பண்ண யார் இருக்கா? ஓடிப் போய் எடுத்தேன். என் வீட்டுக்காரர். அவர் தூங்கற நேரம் அது. என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பதறிட்டேன்.

"ஒரு இலை"ன்னார்.

"என்ன ஒரு இலை?"

"மேல் இலை. அடிப்பக்கம் ஒரு மாதிரி ஆயிருக்கு."

"ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? வெளிர் ரோஸா, கரு ரோஸா?"

"எனக்கு என்ன தெரியும்? நீ வந்து பாரு."

அரை நாள் லீவு கேட்டேன். ஓனர் என்ன காரணம்னார். நீங்க குடுத்த செடிதான் சார்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டு ஓடி வந்தேன். அவர் பின்னாலயே, எந்தச் செடின்னு கேட்டுக்கிட்டு நின்னார்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா ஹால் முழுக்க வெயில். படுக்கையறைக் கதவு திறந்து கிடக்கு. பால்கனியில ஸ்டூலைப் போட்டு அவர் உக்காந்திருக்கார், பக்கத்துல சிவப்பி. நடுப்பகல்ல கண்ணு முழிச்சிருக்கற என் புருஷனை நான் பார்த்து எவ்வளவு நாளாச்சு. தலையில இவ்வளவு நரை இருக்கறது எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கிட்டப் போய் இலையைப் பார்த்தேன். காம்புப் பக்கத்துல இருந்து நரம்பு வழியா சிவப்பு ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு இல்ல, நாலு இலை. மத்த மூணு இலை அவர் கண்ணுல படவே இல்ல. மெழுகுத் துண்டு எதுவும் தேவைப்படலை, யார் பார்த்தாலும் சிவப்புன்னு சொல்லுவாங்க.

நான் ஜெயிச்சுட்டேன். குதிக்கணும்னுதான் நெனைச்சிருந்தேன். என்னென்ன சொல்லிக் குத்திக் காட்டணும்னு வருஷம் பூரா யோசிச்சு வெச்சிருந்தேன். ஆனா பந்தயத்தை ஞாபகம் வெச்சிருக்கீங்களான்னு மட்டும் கேட்டேன்.

"கேட்டாச்சு"ன்னார். "வர்ற மாசத்துல இருந்து டே ஷிஃப்ட்."

"எப்போ கேட்டீங்க? இன்னிக்குத்தானே சிவந்துச்சு?"

"டியூப் லைட்டை எடுத்துட்டுப் போனேனே, அன்னிக்கு."

அப்போ சிவப்பி முழுப் பச்சை. சிவப்பாளா மாட்டாளான்னு யாருக்கும் தெரியாது. ஏன்னு கேட்டேன். இந்தத் தடவை அவர் துண்டைத் தேடலை. பால்கனிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தையா யோசிச்சுச் சொன்னார். தினமும் காலையில வேலையிலேர்ந்து வந்ததும் நேரா அந்த இருட்டுக்குள்ளதான் போவாராம். இந்தச் சனியனால தினம் வெயில்ல வர வேண்டியதாப் போச்சாம். அதை வெச்சுட்டு ஒரு நிமிஷம் நிக்கலாம்னு நின்னாராம்.

"நல்லாத்தான் இருந்துச்சு"ன்னார். "உன்னையும் கூட நிக்க வெச்சா இன்னும் நல்லா இருக்கும்னு தோணுச்சு."

அதுக்கப்புறம் அவர் உள்ள போய்ப் படுத்துட்டார், ராத்திரி வேலைக்குப் போகணுமே. நான் அங்கயே உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்தேன். கீழ டீச்சர் துணி எடுக்க வந்து நிமிர்ந்து பார்த்துட்டு, இன்னும் சிவக்கலையான்னு பாவமா கேட்டாங்க.

மாசக் கடைசிக்குள்ள சிவப்பி உச்சி முழுக்கச் சிவந்துட்டா. இனிமே அவளுக்கு இருட்டு தேவையில்லை, ஹால்ல ஜன்னலோரமா குடி வந்துட்டா. டியூப் லைட்டும் பழைய இடத்துக்கே திரும்பி வந்துடுச்சு.

நைட் ஷிஃப்ட் முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை என் நாத்தனார் வந்தாங்க. அவங்க பொண்ணுக்கு வீடு பார்க்கப் போகணும், நீயும் கூட வான்னாங்க. வந்ததும் சிவப்பியைப் பார்த்துட்டு, பூ ரொம்ப நல்லா வந்திருக்குன்னாங்க, அவங்க கண்ணு சொம்பைத் தேடிச்சு. நான் முன்னாடியே ஒளிச்சு வெச்சிருந்தேன்.

வெளிய போகணும்னா நல்லதா ஒரு சட்டை எடுக்கணும். ரூமுல அவர் தூங்கிக்கிட்டு இருந்தார். கதவை விரல் அளவுக்குத் திறந்து, உள்ள நுழைஞ்சு, சாத்தினேன். கை வழக்கம் போல சுவிட்ச் மேல போச்சு. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துச்சு. அவர் குறட்டை விடற சத்தம் கேட்டுச்சு. கையை எடுத்துட்டு, அலமாரியைத் துழாவி, அகப்பட்டதை மாட்டிக்கிட்டு, சத்தம் போடாம வெளிய வந்தேன்.

நாத்தனார் என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. நான் போட்டிருந்தது அவரோட பம்ப் ஹவுஸ் காக்கிச் சட்டை. காலுல ஒரு சாக்ஸ் நீலம், ஒண்ணு கறுப்பு.

"ஒரு நிமிஷம் லைட்டைப் போட்டு எடுத்தா என்னம்மா? அவன் என்ன செத்தா போயிடுவான்?"ன்னாங்க.

"அவர் தூங்கறார் அண்ணி"ன்னு சொல்லிட்டு, காக்கிச் சட்டைக்குப் பொத்தானைப் போட்டுக்கிட்டு, கதவுக்குக் கீழ அந்தப் பழைய துண்டைச் சரியா சொருகி வெச்சுட்டு, அவங்களோட கிளம்பினேன்.